இரண்டாவது மைக்

எங்கள் வார்டுக்குக் குரல் என்று ஒன்று இருந்தால்
அது என் ஆம்னி வண்டிக்குள்தான் கிடக்கிறது.
நாலு பாக்ஸ், ரெண்டு கூம்பு, ஒரு ஆம்ப்ளிஃபயர்,
அங்கங்கே டேப் சுற்றின ஒயர் இருநூறு மீட்டர்.
காதுகுத்து, கருமாதி, பட்டிமன்றம்,
"சொத்து வரி பாக்கி உள்ளோர் கவனத்திற்கு",
யார் காசு கொடுத்தாலும் அவர் தொண்டை நான்.
தேர்தல் வந்தால் காலையில் ஒரு சின்னம்,
மத்தியானத்துக்கு மேல் இன்னொன்று.
ரெண்டுக்கும் ஒரே இரைச்சல், ஒரே வாடகை.

ஈரோட்டில் பங்குனி வெயில்.
கம்பம் நட்ட மூன்றாம் நாள்
பகுதி சபைக் கூட்டம் வைத்தார்கள்,
மாரியம்மன் கோயில் முன்னால், திருவிழாப் பந்தலிலேயே.
மேடை அதே, நாற்காலி அதே.
அம்மன் படத்தின் மேல் மாநகராட்சி பேனரை விரித்து
நாலு மூலைக்கும் சணல் கட்டினார்கள்.
காற்றடிக்கிறபோதெல்லாம்
அம்மனின் ஒரு கண் எட்டிப் பார்த்தது.

நடு நாற்காலியில் கவுன்சிலர் சாந்தாமணி.
பக்கத்தில் வீட்டுக்காரர் சென்னியப்பன்.
கவுன்சிலர் நம்பருக்குப் போன் போட்டால்
"சொல்லுங்க, கவுன்சிலர்தான் பேசறேன்" என்று
ஆண் குரலில் எடுக்கிறவர்.
அந்தம்மா குரலை என் பெட்டிகள்
இந்த மூணு வருசத்தில் கேட்டதே இல்லை.

உதவிப் பொறியாளர் வாசித்தார்:
எல்.இ.டி. பல்பு பதினாலு,
கருத்தடை செய்த நாய் முப்பத்தொண்ணு.
நாய்க்குக் கைதட்டினார்கள்.

மூன்றாம் வரிசையில் சுலோச்சனா எந்திரித்தாள்.
பிரிண்டிங் பட்டறைக்காரி, முழங்கை வரை நீலம்.
"ஏனுங்க, கொழாயில தண்ணி வந்து ஒம்போது நாளாச்சு.
விடியக்காலம் கம்பத்துக்கு ஊத்தறதுக்கு
முப்பத்தஞ்சு ரூவா குடுத்துக் கேன் வாங்கறேன்.
ஆத்தாளுக்கு மினரல் வாட்டருங்க."
எல்லாரும் சிரித்தார்கள். அவள் உட்காரவில்லை.

சென்னியப்பன் மைக்கை இழுத்துக்கொண்டார்.
"அது வந்துங்க, மெயின் லைன்ல சின்ன வேலை,
அடுத்த வாரத்துக்குள்ள..."
போன வருசம் சொன்ன அதே அடுத்த வாரம்.
எந்த இடத்தில் இருமுவார் என்பதுகூட எனக்குத் தெரியும்.

சாந்தாமணி முன்னாலும் ஒரு மைக் உண்டு.
பூங்கொத்து வைக்கிற மாதிரி, மரியாதைக்கு.
அதன் குமிழ் எப்போதும் பூஜ்யத்தில்தான் நிற்கும்.
அப்போதுதான் பார்த்தேன்,
அந்தம்மா உதடு அசைகிறது.
செத்த மைக்கிடம்
என்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தைரியம் என்றெல்லாம் யாரும் எழுதிவிட வேண்டாம்.
கட்டைவிரல் தானாகப் போயிற்று.
ஒன்றாம் குமிழ் கீழே, இரண்டாம் குமிழ் மேலே.
முதலில் 'கீய்ய்' என்று ஒரு கத்தல்,
பிறகு
"...மூணாவது வீதி வால்வைத் தெறந்தாப் போதும்.
அதை மூடி வெக்கச் சொன்னது யாருன்னு
எனக்குத் தெரியும்."

பந்தலில் ஒரு நாற்காலி கிறீச்சிடவில்லை.
தன் குரல் வெளியே வரவில்லை என்று
சென்னியப்பனுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது.
"ஹலோ, ஹலோ" என்று மைக்கைத் தட்டினார்.
என் பக்கம் திரும்பினார்.
நான் குனிந்து
எந்த ஒயரில் கோளாறு என்று
மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நாலரைக்குப் பாட்டுப் போடப் போனேன்.
மூணாவது வீதிக் குழாயில் தண்ணீர்.
கொஞ்ச நேரம் துரு, அப்புறம் தெளிச்சல்.
சுலோச்சனா மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக்
குடம் குடமாகக் கம்பத்துக்கு ஊற்றினாள்.
கை நீலம் மட்டும் போகவில்லை.

மஞ்சள் நீராட்டுக்கு
பவானியிலிருந்து வேறு சவுண்ட் சர்வீஸ் வந்தது.
எனக்கு நாலாயிரத்து ஐநூறு பாக்கி.
நேற்று கவுன்சிலர் நம்பருக்கு அடித்தேன்.
அதே ஆண் குரல்.
விசயத்தைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை,
மிக்ஸி ஓடுகிற சத்தம் மட்டும்.
"இருங்க," என்றது குரல்,
"கேட்டுட்டுச் சொல்றேன்."